அடுப்பு எத்தனை?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு லைன் வீடு. தெருவிலிருந்து ஒரே வாசல், உள்ளே நீளமான நடை, இடது பக்கம் வரிசையாக ஆறு கதவுகள், கடைசியில் பொதுக் குளியலறை. எத்தனை குடும்பம் என்று வீட்டுக்கார அம்மாவைக் கேட்டால், "நாலு குடும்பந்தாம்பா" என்பார். ரேஷன் கார்டுகளை எண்ணினால் ஐந்து இருக்கும். கதவை எண்ணினால் ஆறு. சென்சஸ் கணக்கில் சரியான விடை ஏழு. இரண்டாவது கதவுக்குள் மகன் குடும்பம் ஒரு பக்கம் சமைக்கிறது. மூலையில் ஒரு சின்ன ஸ்டவ், ஒரு குக்கர், இரண்டு தட்டு வைத்துக்கொண்டு தாய் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறார். "ஒரே குடும்பந்தான் சார், சமையல் மட்டும் தனி" என்று மகன் சொல்வது அவர் மனசுக்குச் சரி. கணக்கெடுப்புக்கு அது இரண்டு குடும்பம்.

சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். இரத்த உறவு வேண்டுமென்பதில்லை. வேளச்சேரியில் நான்கு நண்பர்கள் வாடகை வீடு எடுத்து முறை வைத்துச் சமைத்தால் அவர்கள் நால்வரும் ஒரே குடும்பம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே அறையில் மூன்று கட்டில் போட்டிருந்தும் மூவரும் மூன்று மெஸ்ஸில் சாப்பிட்டால் அவர்கள் மூன்று தனிக் குடும்பங்கள். அதே மூவர் கல்லூரி விடுதியில் இருந்து விடுதிச் சமையலில் சாப்பிட்டால், விடுதி முழுவதும் சேர்ந்து ஒரே நிறுவனக் குடும்பம். சென்னையில் கணக்கெடுக்கப் போகிறவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது இதுதான். ரேஷன் கார்டைப் பார்த்து எழுதுகிற பழக்கம் நம் ஊரில் மிக ஆழமானது. கார்டு, உரிமைக்காகப் பிரிந்தும் சேர்ந்தும் இருக்கும். அடுப்பு அப்படி இல்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. குடிநீர்க் குழாய் இல்லாத குடும்பம் எத்தனை, கழிப்பறையைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பம் எத்தனை, ஒரே அறையில் வாழும் குடும்பம் எத்தனை என்ற எல்லா அட்டவணைக்கும் எண்ணும் அலகு குடும்பம்தான். ஏழு குடும்பம் ஒரு குளியலறையைப் பகிர்வதும் நாலு குடும்பம் பகிர்வதும் ஒன்றல்ல. வாசலில் நாலு என்று எழுதிவிட்டால், பிறகு டெல்லியில் எந்தக் கணினியும் அதை ஏழாக்காது. சென்சஸின் ஒவ்வொரு கேள்வியும் எங்கோ ஓரிடத்தில் பணமாகவோ, குழாயாகவோ, தொகுதியாகவோ, பள்ளியாகவோ மாறுகிறது. அந்த இடம் எது என்று தெரிந்துவிட்டால் கேட்பவரும் கவனமாகக் கேட்பார், சொல்பவரும் சரியாகச் சொல்வார்.

கணக்கெடுப்பு இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் வீட்டுப் பட்டியல்: கட்டடம், கூரை, சுவர், தண்ணீர், விளக்கு, கழிப்பறை, வீட்டிலுள்ள பொருட்கள். அடுத்துதான் ஆள் கணக்கு. 2011-ல் முதல் கட்டத்தில் 35 கேள்வி, இரண்டாவதில் 29. 2021-ல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. இப்போது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்கிறது. வீட்டுப் பட்டியலுக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் 30 நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்; ஆள் கணக்கு 2027 பிப்ரவரியில். காகிதத்துக்குப் பதில் கைபேசிச் செயலி.

ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒரு பிளாக், அதாவது அவர் எண்ண வேண்டிய பகுதி. இந்த முறை ஏறத்தாழ 700 முதல் 800 பேர். ஆறு பிளாக்குக்கு ஒரு மேற்பார்வையாளர். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் சௌகார்பேட்டையில் நாலு மாடிக் கட்டடம், கீழே குடோன், நடுவில் குடித்தனம், மேலே பட்டறை என்று இருந்தால் ஒரே படிக்கட்டில் ஒரு நாள் போய்விடும். அதனால்தான் கேள்வியைத் தொடும் முன் வரைபடம். 2011 முறையில் நிலையான கட்டடத்துக்குச் சதுரம், கூரைக் குடிசை போன்றதற்கு முக்கோணம், கடை, பட்டறை போல முழுக்கக் குடியிருப்பு அல்லாத கட்டடத்துக்கு உள்ளே கோடு போட்டு நிழல். கட்டட எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் வீட்டு எண்: 10(1), 10(2) என்று. தெருவில் இருந்தோ பொது முற்றத்தில் இருந்தோ படிக்கட்டில் இருந்தோ தனி வாசல் இருந்தால் அது தனி வீடு. இப்போது கட்டடங்களைச் செயலியில் இடக்குறியோடு பதிகிறார்கள். ஆனாலும் காலால் ஒரு சுற்று முழுதாக நடந்து எல்லையைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. இரண்டு பிளாக்குகளுக்கு நடுவில் இருக்கும் முட்டுச்சந்து, கால்வாய் ஓரம், கோயில் பின்புறம் இவைதான் வழக்கமாக விட்டுப்போகிறவை. அது பக்கத்து பிளாக்கில் வரும் என்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள். 2011 கணக்கெடுப்பு முடிந்தபின் மாதிரி எடுத்துச் சரிபார்த்தபோது, நாடு முழுவதுமாக ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தது தெரிந்தது.

பூட்டிய வீட்டுக்கும் காலி வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பூட்டிய வீடு என்றால் ஆள் குடியிருக்கிறார், இப்போது இல்லை. காலி வீடு என்றால் குடியே இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை நாள் காலை பதினோரு மணிக்குப் போனால் அடுக்குமாடியில் பாதிக்கு மேல் பூட்டுதான். காலி என்று எழுதித் தள்ளிவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு தவறு நடக்கிறது: அங்கிருப்பவர்கள் விடுபடுகிறார்கள், நகரில் காலி வீடு ஏராளம் என்று ஒரு பொய் எண்ணும் பிறக்கிறது. 2011-ல் இந்திய நகரங்களில் காலி வீடுகள் சுமார் 1.1 கோடி என்று வந்தது. வீட்டு வசதி பற்றிய வாதம் எல்லாவற்றிலும் அந்த எண் இன்றுவரை புழங்குகிறது. வாசலில் செருப்பு இருக்கிறதா, பால் பை தொங்குகிறதா, மின் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்து, செக்யூரிட்டியையும் பக்கத்து வீட்டையும் கேட்டு, இரவு ஏழுக்கு மேலோ ஞாயிறு காலையிலோ மறுபடி போவதுதான் வழி. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் முதல் நாளே பேசி, நோட்டீஸ் பலகையில் தேதி ஒட்டச் சொன்னால் வேலை பாதியாகும்.

இனி யாரை எங்கே எண்ணுவது. 2011-ல் ஆள் கணக்கு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. அந்த இருபது நாளில் வழக்கமாக அந்த வீட்டில் இருப்பவர், இடையில் கொஞ்ச நாள் வெளியே போயிருந்தாலும், அங்கேதான் கணக்கு. இருபது நாளும் அங்கே இல்லாதவர் அந்த வீட்டில் வரமாட்டார். எங்கே இருக்கிறாரோ அங்கே வருவார். நம் வீடுகளில் தவறு நடப்பது இந்த இடத்தில். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனை அம்மா விட்டுக்கொடுக்க மாட்டார்: "அவன் பேரையும் போட்டுக்கோங்க, ரேஷன் கார்டுல இருக்கு." அங்கேயும் ஒருவர் அவனை எண்ணியிருப்பார். மறுபக்கம், அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் பெண்ணை யாரும் சொல்லமாட்டார்கள், அவள் வீட்டு ஆள் இல்லை என்பதால். அவள் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே இருக்கிறாள் என்றால் அந்தக் குடும்பத்தில்தான் அவள் பெயர் வர வேண்டும். சமையல்காரர், டிரைவர், சித்தி வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளை இவர்களைப் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் வரமாட்டார்கள். கைக்குழந்தையும் அப்படித்தான். பெயர் வைக்காத குழந்தையைச் சொல்லவேண்டும் என்றே பலருக்குத் தோன்றாது. "வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று வரும். "கைக்குழந்தை இருக்கா? வீட்டோட இருந்து வேலை செய்யறவங்க இருக்காங்களா?" என்று கேட்டால்தான் பதில் வரும்.

வயதைப் பற்றி. "என்னா ஒரு அம்பது இருக்கும்" என்று சொல்லும் ஊர் நம்முடையது. எல்லோரும் 40, 45, 50, 60 என்று முழு எண்ணில் விழுவார்கள். இதை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று உண்டு: 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0-விலும் 5-லும் முடியும் வயதுக்காரர்களைக் கூட்டி, ஐந்தால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 100 வந்தால் வயது சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 500 வந்தால் அத்தனை பேரும் முழு எண்ணில் சொல்லியிருக்கிறார்கள். ஒற்றை ஒற்றை வயதாக வரும் சி-13 அட்டவணையை எடுத்துப் பார்த்தால் 30-லும் 35-லும் 40-லும் கோபுரம் நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். முதியோர் ஓய்வூதியத்துக்கு ஆள் எத்தனை, அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு எத்தனை பிள்ளை வரும் என்று கணக்கிடுபவர்களை இந்தக் கோபுரங்கள் தடுமாற வைக்கும். வாசலில் செய்யக்கூடியது எளிது. மூத்த பிள்ளை பிறந்தபோது உங்களுக்கு என்ன வயசு, எம்.ஜி.ஆர். இறந்தபோது, அதாவது 1987-ல், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்களா, சுனாமி வந்த 2004-ல் இந்தப் பிள்ளை பிறந்தாச்சா என்று கேட்டால் ஓரிரு வருட வித்தியாசத்தில் வயது கிடைத்துவிடும்.

வேலை பற்றிய கேள்விதான் எல்லாவற்றிலும் அநியாயம் அதிகம் நடக்கும் இடம். வாசற்படியில் உட்கார்ந்து ஒரு அம்மா மல்லிகை தொடுத்துக்கொண்டிருக்கிறார். மடியில் நூல்கண்டு, பக்கத்தில் ஈரத்துணியில் மூடிய பூ, தொடுத்த சரம் முழம் முழமாகக் கூடையில் சுருண்டு கிடக்கிறது. "வேலைக்குப் போறீங்களாம்மா?" "இல்லப்பா, வீட்லதான் சும்மா இருக்கேன்." கேட்டவரும் வீட்டு வேலை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தப் பூ மாலையில் விற்பனைக்குப் போகிறது. கேள்வியில் பிழை: வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்கவே கூடாது. போன ஒரு வருடத்தில் பணம் வருகிற வேலை, அல்லது குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் செய்த வேலை ஏதாவது உண்டா, எத்தனை மாதம் என்று கேட்க வேண்டும். ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் என்றால் அவர் முதன்மைத் தொழிலாளி. குறைவென்றால் குறுகிய காலத் தொழிலாளி. கணவரின் இட்லிக் கடைக்கு விடிகாலை மூன்று மணிக்கு மாவாட்டுபவர், மாமனாரின் மளிகைக் கடையில் கல்லாவில் உட்காருபவர் இவர்களும் தொழிலாளர்தான், சம்பளம் கையில் வராவிட்டாலும். இவர்களை விட்டுவிட்டுப் பெண்கள் உழைப்பில் பங்கேற்பதில்லை என்று அறிக்கை எழுதுவது எவ்வளவு பெரிய தவறு.

தாய்மொழி: குழந்தைப் பருவத்தில் தாய் அந்த நபரிடம் பேசிய மொழி. வீட்டில் இப்போது என்ன பேசுகிறார் என்பதல்ல. சிறுசேரி பக்கம் கட்டுமானக் கொட்டகைகளில் இருப்பவர்களை மொத்தமாக ஹிந்தி என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. அவர்களில் ஒடியாக்காரர், வங்காளி, மைதிலி பேசுபவர், சந்தாலி பேசுபவர் என்று பல பேர் இருப்பார்கள். சௌராஷ்டிரம் பேசுபவரைக் குஜராத்தி என்றோ, உருது பேசுபவரைத் தமிழ் என்றோ நாமே திருத்தி எழுதக் கூடாது. 2011-ல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. ஆராய்ந்து ஒழுங்குபடுத்தியபின் 1,369. வெளியிடப்பட்ட அட்டவணையில் 121 மொழிகள். பத்தாயிரம் பேருக்குக் குறைந்தால் தனியே காட்டுவதில்லை. சின்ன மொழிக்கு ஒவ்வொரு வாசலும் முக்கியம்.

சாதி இந்த முறை எல்லோரிடமும் கேட்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30-ல் மத்திய அரசு அறிவித்தது. எல்லாச் சாதிகளுக்கும் எண்ணிக்கை கடைசியாக வெளிவந்தது 1931 கணக்கெடுப்பில். சுதந்திரத்துக்குப் பிறகு பட்டியல் சாதி, பழங்குடி இரண்டு மட்டுமே பெயரோடு எண்ணப்பட்டன. தமிழ்நாட்டில் எதிர்பார்க்க வேண்டிய சிக்கல் பட்டப் பெயர்கள். முதலியார், பிள்ளை, செட்டியார், கவுண்டர் என்பவை ஒரே சாதியின் பெயர்கள் அல்ல, பல சமூகங்கள் வைத்துக்கொள்ளும் பட்டங்கள். பட்டத்தை மட்டும் சொன்னால் எந்தக் கணக்கில் சேரும் என்று யாருக்கும் தெரியாது. சாதிச் சான்றிதழில் உள்ள பெயரை அப்படியே சொல்வது நல்லது. "எஸ்.சி." என்று மட்டும் சொல்வதும் போதாது, தமிழ்நாட்டின் பட்டியலில் 76 பெயர்கள் உள்ளன, அவற்றில் எது என்று சொல்ல வேண்டும். மக்களவையில் தமிழ்நாட்டின் 39-ல் 7, சட்டமன்றத்தில் 234-ல் 44 பட்டியல் சாதித் தனித்தொகுதிகள், 2 பழங்குடித் தொகுதிகள். இந்த எண்ணிக்கை வருவது சென்சஸ் விகிதத்தில் இருந்துதான்.

தொகுதி என்றதும் 1967 நினைவுக்கு வர வேண்டும். 1961 கணக்கெடுப்பை வைத்து மறுவரையறை செய்ததில் தமிழ்நாட்டின் 41 மக்களவை இடங்கள் 39 ஆயின. 1976-ல் அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம் மாநிலங்களுக்கான இடங்களை 1971 கணக்கில் நிறுத்தியது. 2001-ன் 84-ஆவது திருத்தச் சட்டம் அந்த நிறுத்தத்தை 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் சென்சஸ் வரை நீட்டியது. வரிப் பங்கிலும் இதே இழுபறி. மத்திய வரியில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு 2011 மக்கள்தொகைக்கு 15 விழுக்காடு எடை தந்தது. பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் நஷ்டப்படாமலிருக்க 12.5 விழுக்காடு தனியாக வைத்தது. 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் எத்தனை பேருக்கு மானிய தானியம் என்று இன்றுவரை 2011 எண்ணை வைத்துத்தான் பேசுகிறது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

சென்னைக்கு வருவோம். 2011 எண்ணை எடுத்து வேலை செய்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் எண்ணிய சென்னை 46,46,732 பேர். அது 174 சதுர கிலோமீட்டர், 155 வார்டு கொண்ட பழைய மாநகராட்சி. அதே ஆண்டு அக்டோபரில் அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர், மாதவரம் என்று 42 உள்ளாட்சிகள் சேர்ந்து 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டாயிற்று. அந்தப் பரப்புக்கு 2011 மக்கள்தொகையைக் கூட்டினால் சுமார் 67 லட்சம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று தண்ணீர் கணக்குப் போடுங்கள்: பழைய எண்ணுக்கு 62.7 கோடி லிட்டர், புதிய எல்லைக்கு 90 கோடி. எல்லையைப் பார்க்காமல் எண்ணை எடுத்தால் 27 கோடி லிட்டர் காணாமல் போகும். வார்டு எண்களும் மாறிவிட்டன. 2011 அட்டவணையின் 120-ஆவது வார்டு இன்றைய 120 அல்ல. செங்கல்பட்டு மாவட்டம் 2019-ல் பிறந்தது. அதற்கு 2011 எண் வேண்டுமென்றால் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் தாலுகா, கிராமங்களைப் பொறுக்கிக் கூட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று, வளர்ச்சி விகிதம். 2001-ல் 43,43,645 இருந்த சென்னை மாவட்டம் பத்து வருடத்தில் 7 விழுக்காடுதான் வளர்ந்தது. அதே பத்து வருடத்தில் காஞ்சிபுரம் 39, திருவள்ளூர் 35. ஜார்ஜ் டவுனுக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஒரே விகிதத்தைப் போட்டு இன்றைய மக்கள்தொகை என்று எழுதுவது கணக்கே அல்ல. நகரத்தில் 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி என்ற அளவுகோல்கள் எல்லாம் ஆள் எண்ணிக்கையைத்தான் கேட்கின்றன. கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் 2011-க்குப் பிறகு வந்த குடும்பங்கள் அந்தக் கணக்கில் வேறு எங்கேயோ கூவம் கரையில் இருக்கின்றன.

பயம் ஒரு பெரிய தடை. மாடியை வாடகைக்கு விட்டிருப்பதைச் சொன்னால் வரி ஏறுமோ, கார் இருப்பதைச் சொன்னால் ரேஷன் போகுமோ என்று நினைத்து மறைக்கிறார்கள். 1948 சென்சஸ் சட்டத்தின் 15-ஆவது பிரிவு தெளிவானது: படிவத்தில் உள்ளதை யாரும் பார்க்க உரிமையில்லை, வழக்கில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. வருமான வரித்துறைக்கும் போகாது, காவல் நிலையத்துக்கும் போகாது. வெளியே வருவது கூட்டுத்தொகைதான். ஆதாரமாக எந்தச் சான்றும் காட்ட வேண்டியதில்லை. சொல்வதை எழுதுவதுதான் முறை. வங்கிக் கணக்கு எண்ணையோ ஓ.டி.பி.யையோ வாசலில் நின்று யார் கேட்டாலும் அவர் சென்சஸ் ஆள் இல்லை. வழக்கப்படி பெயர் சொல்லக் கூடாத கணவரின் பெயரைச் சொல்லப் பெண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. இணையத்தில் தானே பதிபவர்கள், முடிவில் வரும் அடையாள எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு கணக்கெடுப்பாளர் வரும்போது காட்ட வேண்டும். பதிந்துவிட்டோம் என்று கதவைச் சாத்தினால் அந்த வீடு நிலுவையில் நிற்கும்.

வீடில்லாதவர்களை ஒரே இரவில் எண்ணுவார்கள். 2011-ல் அது பிப்ரவரி 28. சென்ட்ரல் ஸ்டேஷன் சுற்றுவட்டம், பாரிமுனை, கோயம்பேடு, மேம்பாலங்களின் அடி. தள்ளுவண்டி இழுப்பவர்கள், சந்தையில் மூட்டை தூக்குபவர்கள் இரவு பத்துக்கு முன் படுக்க வரமாட்டார்கள், விடிவதற்குள் எழுந்துவிடுவார்கள். பகலிலேயே ஒருமுறை நடந்து, யார் எங்கே படுப்பார்கள் என்று டீக்கடையில் விசாரித்து இடங்களைக் குறித்துவைக்காமல் அந்த ஒரு இரவில் வேலை நடக்காது. தலைமுறையாக ஒரே நடைபாதையில் வாழும் குடும்பங்கள் இந்த நகரத்தில் உண்டு; பேரப்பிள்ளை வரை அங்கேயே பிறந்தவர்கள். அவர்கள் பெயரைப் பெயராகவே கேட்டு எழுத வேண்டும், தலை எண்ணிக்கையாக அல்ல.

பிறகு மறுசுற்று. 2011-ல் மார்ச் 1 முதல் 5 வரை. ஏற்கெனவே போன வீட்டுக்கே திரும்பப் போய், மார்ச் 1 பிறந்த நள்ளிரவுக்கு முன் நடந்த மாற்றங்களைத் திருத்துவது. பிப்ரவரி 12-ல் எழுதிய வீட்டில் 27-ஆம் தேதி எழும்பூர் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை பிறந்திருந்தால் சேர்க்க வேண்டும். 28 இரவு பதினொன்றரைக்கு ஒரு பாட்டி போயிருந்தால் அவர் பெயரை அடிக்க வேண்டும். ஒரு மணிக்குப் போயிருந்தால் அவர் கணக்கில் இருப்பார். சாவு வீட்டில் நேரம் கேட்பது சங்கடம்தான். செருப்பை வெளியே விட்டு, உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டால் சொல்வார்கள்.